கக்கூஸ் சுவரில் நின்றவர்கள்

வறுமையைப் பற்றி எழுதி எழுதியே வறுமையிலிருந்து தப்பித்தவன் நான். காட்டாக்கடைக்குப் பக்கத்தில் ஓலைக்கூரை வீட்டில் பிறந்தவனை, திருவனந்தபுரத்தில் மாடிவீடு கட்டும் அளவுக்குத் தூக்கிவிட்டவர்கள் ஏழைகள்தான். அவர்களுக்கு என்ன வேண்டும், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று அறிக்கை எழுதும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு வேலை. சமூகக் கொள்கை வல்லுநர் என்று அறைக்கதவில் எழுதியிருந்தார்கள். வீட்டில் தமிழ், ஆப்பீசில் மலையாளம், அறிக்கையில் ஆங்கிலம். மூன்றிலும் ஒரு மணிநேரம் பேசி ஒன்றுமே சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியும். அதனால் வேகமாக மேலே போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு குளிர்நகரத்துக்கு ஆறுமாதப் படிப்புக்கு அனுப்பினார்கள். என்ன படித்தேன் என்று இப்போது நினைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கி ஓர் ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தேன். அங்கே மாட்டியிருந்த படங்களை வரைந்தவர்கள் யாரும் ஓவியர்கள் இல்லை. மனநல மருத்துவமனையில் கிடந்தவர்கள், சிறைக்கைதிகள், எவரிடமும் போய்க் கற்றுக்கொள்ளாதவர்கள். வெளியாள் கலை என்று அதற்குப் பெயராம். கலை உலகத்துக்கு வெளியே நிற்பவர்கள் செய்யும் கலை. படுக்கை விரிப்பிலிருந்து உருவிய நூலைக்கொண்டு ஒரு பெண் தைத்திருந்த குதிரையின் முன்னால் நின்று அழுதுவிட்டேன். உண்மையாகவே அழுதேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இனிமேல் வரும் பக்கங்களில் நான் நல்லவனாகத் தெரிவதற்கு வேறு வாய்ப்பு கிடையாது.

ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பைத்தியம் என்னோடு வந்தது. யாரைப் பார்த்தாலும் வெளியாள்தானா என்று பார்த்தேன். கள்ளுக்கடைச் சுவர், லாரியின் பின்பலகை, மீன்கூடையின் அடிப்பாகம் எதையும் விடவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் யானைகளாக வரைந்து வைத்திருந்தார். என்ன கோடுகள், என்ன பித்து என்று வியந்து ஒரு கட்டு முழுவதையும் வாங்கினேன். காசை எண்ணி வாங்கிக்கொண்டே அவர் சொன்னார், தான் ஓவியக் கல்லூரியில் டிப்ளமோ முடித்தவர் என்று. அந்த நொடியே எனக்கு யானைகள் பிடிக்காமல் போய்விட்டன. படம் அதே படம்தான். ஆனால் படித்தவன் வரைந்த யானையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இந்த நிலைமையில்தான் நிறுவனத்துக்குக் கக்கூஸ் ஆய்வு வந்தது. எல்லைப்புறப் பஞ்சாயத்து ஒன்றில் அரசு உதவியோடு வீடுதோறும் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா, இல்லை விறகும் தேங்காயும் அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து எழுதவேண்டும். பாறசாலைப் பக்கத்துத் தமிழ் எனக்குத் தெரியும் என்பதால் என் தலையில் விழுந்தது. நான் ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். வீடுவீடாகப் போய்க் கேட்பதற்கு உள்ளூர்க்காரி ஒருவரைக் கணக்கெடுப்பாளராக நியமித்தோம். பொழியூர்க் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பாறசாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். பி.ஏ. படித்தவர், நாற்பது வயது. ஒரு குடை, ஒரு தோள்பை, எவருக்கும் அடங்காத வாய்.

முதல் வாரத்தின் கடைசியில் அவர் என்னிடம் வந்து சொன்னார்.

"சாறே, ஒரு வீட்டில கக்கூசுக்குள்ள ஆளுவ நிக்கினும்."

"எத்தனை பேர் வரிசையில்?"

"வரிசை இல்ல சாறே. செவுத்தில. வரஞ்சு வச்சிருக்குவு."

அன்றைக்கே போனேன். ரோட்டிலிருந்து இறங்கி மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் இருந்தது வீடு. ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் தனியாக இருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டியாப்பீசில் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனிகள் கறுத்திருந்தன. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது என்று கணக்கெடுப்பாளர் முன்பே சொல்லியிருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைச் சாறே என்றார்.

கக்கூஸ் கதவைத் திறந்தார். மூன்று சுவரிலும் ஆட்கள். ஏழு ஆண்கள், இரண்டு பெண்கள். பெரிய தலை, பெரிய கண், குருவியின் காலைப் போல மெலிந்த கால்கள். கரி, துணிக்குப் போடும் நீலம், தரைக்குப் பூசும் சிவப்புச் சாயம், ஏதோ இலைச்சாறு. ஒருவர் கையில் குடை. ஒருவர் கையில் ரப்பர் முத்திரை. ஒருவருக்கு வாயே இல்லை. ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகிலும் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. மற்றவர்கள் நடுவில் இருக்கும் பீங்கானைப் பார்த்தபடி கைகட்டி நின்றார்கள்.

"யாருக்கா இவங்க?" என்று கேட்டேன்.

அவர் கணக்கெடுப்பாளரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "எல்லாம் நமக்கு வேண்டப்பட்டவியதான்" என்றார்.

கணக்கெடுப்பாளர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வெயிலுக்கு என்று நினைத்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்: மூதாதையர், காவல்தெய்வங்கள். குடை அரச சின்னம். முத்திரை ஓர் ஆயுதம். வாயில்லாதது மௌன தெய்வம்.

"இதுக்கு நாங்க வெளியாள் கலைன்னு சொல்லுவோம்" என்று விளக்கினேன்.

"வெளிக்கிருக்குத எடத்தில உள்ளதுனாலயா சாறே?" என்றார் கணக்கெடுப்பாளர்.

அவருக்குச் சமூகக் கோட்பாட்டு அறிவு போதாது என்று அனுதாபப்பட்டேன்.

அதற்கடுத்து நான் செய்த காரியத்துக்கு இன்றுவரை எனக்குச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. சுவரின் அடியில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. தினமும் தண்ணீர் ஊற்றினால் படங்கள் ஆறு மாதம் தாங்காது. பாறசாலைச் சந்தைக்கு ஆளனுப்பி நல்ல பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கிவரச் செய்தேன். கதவைப் பூட்டி, சாவியை என் பைக்குள் போட்டேன்.

"பின்ன நான் எங்க போவேன்?" என்று கேட்டார் அக்கா.

"ஒரே மாசம். பஞ்சாயத்தில் பேசி வேறொண்ணு கட்டித்தரச் சொல்லுறேன்."

"அதுவரை?"

எல்லோரும் பின்பக்கத்து ரப்பர் தோட்டத்தைப் பார்த்தோம். ஒரு தலைமுறையாக அந்த ரப்பர் தோட்டத்திலிருந்து பெண்களை வீட்டுக்குள் கொண்டுவரத்தான் அரசு பாடுபட்டுக்கொண்டிருந்தது. உதவிக்கு என்னைப்போன்ற வல்லுநர்களும் இருந்தோம். நான் ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவைத்தேன்.

திரும்பி நடக்கும்போது கணக்கெடுப்பாளர் கேள்வித்தாளை எடுத்தார். "சாறே, இந்த வீட்டுக்கு என்ன எழுத? பொழங்குதாங்கன்னா, இல்லன்னா?"

"இல்லைன்னு எழுதுங்க. இப்போதைய நிலைமை அதுதானே."

"பூட்டினது நாமளாக்கும்."

"அதுக்குக் கட்டம் இல்லை" என்றேன். காரணம் என்ற இடத்தில் 'பண்பாட்டுத் தடை' என்று நானே எழுதினேன்.

மறுநாள் பஞ்சாயத்து ஆப்பீசுக்குப் போனேன். செயலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாயா வரவழைத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு கக்கூஸ்தான், எந்தக் காரணத்தாலும் இரண்டாவதற்கு உதவி கிடையாது, விதிவிலக்கு கோரும் மனுக்களைப் பரிசீலிக்கவும் வேண்டியதில்லை. அடியில், எந்த நிறுவனத்தின் பரிந்துரைப்படி இந்த விதி வந்தது என்று அச்சடித்திருந்தது.

"இது சாறு தன்னே எழுதியதல்லே?" என்றார் மலையாளத்தில், மிகுந்த மரியாதையோடு.

நான் எழுதியதுதான். விதிவிலக்கு கோரும் மனுக்கள் என்ற வரி எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது. நிர்வாகத் தெளிவு என்று எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் பாராட்டிய வரி அது. சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அக்காவிடம் போய்ச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கெடுப்பாளர் மூலமாகச் சொல்லியனுப்பினேன்.

கக்கூஸ் கிடைக்கவில்லையே தவிர, கட்டுரை தயாராகிவிட்டது. ஒரு மலையாளப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கம் போட்டார்கள், படங்களோடு. எழுத்தறியாத ஒரு தொழிலாளிப் பெண்ணின் கனவில் வந்த தெய்வங்கள் என்று நான் எழுதியிருந்தேன். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்தறியாத என்று எழுதினால்தான் வாக்கியம் நன்றாக விழுந்தது.

திங்கட்கிழமை காலை கணக்கெடுப்பாளரிடமிருந்து போன் வந்தது. பூத்திலிருந்து பேசினார். சிரிப்பில் பாதி சொற்கள் போய்விட்டன.

"சாறே, ஊரே சாயாக்கடையில நிக்குது. நீங்க குடை பிடிச்ச தெய்வம்னு எழுதினது வில்லேஜாப்பீசரையாக்கும். மூக்குக்குக் கீழ உள்ள மருவு வரைக்கும் வரஞ்சிருக்கு."

"அப்ப முத்திரை வச்சிருக்கிறவர்?"

"ரேசன் கார்டு கிளார்க்கு."

"வாயில்லாத மௌன தெய்வம்?"

"நாலு வருசமா என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத ஒரு அம்மா உண்டு சாறே, பென்சன் செக்சனில."

அடுத்த பஸ்ஸில் போனேன். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. மரச்சீனி தொலித்துக்கொண்டிருந்தார். எதற்காக இப்படி வரைந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தவேயில்லை.

"எனக்க கெட்டியவன் செத்த பிறவு, நிலத்த எனக்க பேருக்கு மாத்த ஆறு வருசமா நடந்தேன். கார்டில பேரு தப்பு, அதுக்கு நடந்தேன். பென்சனுக்கு நடந்தேன். அவியளுக்க ஆப்பீசில அவிய இரிப்பினும், நான் நிப்பேன். இஞ்ச நான் இரிப்பேன், அவிய நிக்கட்டு. அவ்வளவுதான் சாறே. இதில என்ன கலை?"

வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ பேருந்தில் திரும்பும்போதே இரண்டாவது கட்டுரைக்குத் தலைப்பு யோசித்தேன். தெய்வங்களைவிட இது இன்னும் மேல். அதிகாரத்தின் மீது விளிம்பிலிருந்து எழும் விமர்சனம். ஐரோப்பாவில் நான் பார்த்த அந்த ஓவியக்கூடத்தின் பொறுப்பாளருக்குக் கடிதம் போட்டேன். அவர் அடுத்த மாதம் கோவளத்துக்கு ஓய்வுக்கு வருவதாக இருந்தது. ஒருநாள் ஒதுக்கி வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. இயக்குநரும் கூட வருவேன் என்றார். வெளிநாட்டுக்காரர் வரும் இடத்துக்கு அவர் எப்போதும் கூட வருவார்.

இதற்கிடையில் ஊரில் நடந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் நான் கேள்விப்பட்டேன். ஒரு கக்கூஸ் சுவரில் தன் முகம் இருக்கிறது, பத்திரிகையிலும் வந்துவிட்டது என்று தெரிந்தால் அரசு ஊழியர் எவ்வளவு வேகமாக நடப்பார் என்பதை எந்த ஆய்விலும் யாரும் அளந்ததில்லை. ஆறு வருடமாகக் காணாமல்போன கோப்பு ஆறு நாளில் கிடைத்தது. வில்லேஜாப்பீசர் வீட்டுக்கே வந்து காகிதத்தைக் கொடுத்தார். ரேஷன் கார்டில் பேர் திருந்தியது. வாய் திறக்காத அம்மா வாய் திறந்து, "பென்சன் பாஸாயாச்சு" என்றாராம். எல்லோரும் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்கள். சுவரில் சுண்ணாம்பு அடிக்கவேண்டும்.

காகிதம் கைக்கு வந்தால் அடிக்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஆனால் சாவி என்னிடம். கணக்கெடுப்பாளர் இரண்டு தடவை போன் செய்தார். "இன்னும் மூணு வாரம் பொறுக்கச் சொல்லுங்க. அழிச்சா பெரிய இழப்பு" என்றேன்.

"ஆருக்கு சாறே?" என்று கேட்டார். நான் லைன் சரியில்லை என்று போனை வைத்தேன்.

விருந்தினர் வந்த நாளில் நாங்கள் நிறுவனத்தின் காரில் போனோம். ஒற்றையடிப் பாதையில் அந்த வெள்ளைக்காரருக்கு நான் வாழையிலையெல்லாம் விலக்கிவிட்டேன். வழிநெடுக அந்தப் படங்களின் வன்மையைப் பற்றியும் பித்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனேன். கக்கூஸ் முன்னால் போய் நின்றால் பூட்டைக் காணவில்லை. தேங்காய் உரிக்கும் பாரையால் நெம்பி எடுத்திருந்தார்கள். கதவு திறந்துகிடந்தது.

உள்ளே மூன்று சுவரும் வெள்ளை. பிறகுதான் பார்த்தேன். பின்சுவரின் நடுவில் ஒரே ஓர் ஆள் நின்றான். புத்தம்புதிது. கண்ணாடி, தோளில் தொங்கும் பை, கொஞ்சம் முன்தள்ளிய வயிறு, கையைவிடப் பெரிய ஒரு சாவி. வாய் திறந்திருந்தது. வாய்க்குள் இன்னொரு வாயும் இருந்தது.

இயக்குநர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். கணக்கெடுப்பாளருக்கு இருமல் வந்துவிட்டது.

விருந்தினர் மட்டும் மெய்மறந்து நின்றார். "அபாரம். யார் இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"காவல்தெய்வம்" என்றேன். "வாசல்காக்கும் தெய்வம். அதனால்தான் சாவி."

அவர் பதினைந்து இருபது படம் எடுத்தார். மற்ற சுவர்கள் ஏன் காலியாக இருக்கின்றன என்று கலைஞரிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"கிட்டவேண்டியது கிட்டினா அழிச்சுப்போடுவேன்" என்றார் அக்கா. "இவருக்க கையில இருந்து இன்னும் கிட்டல்ல."

"என்ன வேணும்க்கா?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். பஞ்சாயத்து நோட்டீஸ். அரசு உதவியில் கட்டிய கக்கூஸைப் பயன்படுத்தவில்லை என்று ஆய்வில் தெரியவந்துள்ளதால், உதவித்தொகையை ஏன் திரும்ப வாங்கக்கூடாது என்பதற்குக் காரணம் சொல்லவேண்டும். எங்கள் நிறுவனம் அனுப்பிய பட்டியலிலிருந்து அவர் பேரை எடுத்திருக்கிறார்கள். பண்பாட்டுத் தடை.

"பூட்டினது நீங்களாக்கும்னு எழுதி ஒப்பு போட்டுத் தாருங்க. அது போதும்."

"ஆப்பீசில் போய் நல்லா டைப் அடிச்சு அனுப்புறேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவினும் சாறே" என்றார். அதில் கோபமே இல்லை. அவருக்குப் பழகிப்போன ஒரு வாசகத்தை என் வாயிலும் கேட்டார், அவ்வளவுதான்.

இயக்குநர் வாட்சைப் பார்த்தார். அப்படி ஒரு கடிதம் போனால் ஆய்வறிக்கையே பொய் என்றாகிவிடும், வா போகலாம் என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். அது சரியான ஆலோசனை. பத்து வருடமாக நானும் இப்படித்தான் ஆலோசனை சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவன் சாவியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கெடுப்பாளர் தன் பையிலிருந்து ஒரு கேள்வித்தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பேனாவோடு நீட்டினார். எழுத வேறு இடமில்லை. கக்கூஸ் சுவரிலேயே காகிதத்தை வைத்து நின்றபடி எழுதினேன். பூட்டியவன் நான், சாவி என்னிடம் இருந்தது, இவர்மீது எந்தத் தவறும் இல்லை. கணக்கெடுப்பாளர் ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டினார். அக்கா தேதி போடச் சொன்னார். போட்டேன்.

காரில் ஏறியதும் இயக்குநர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். விருந்தினர் மட்டும், அந்தப் பெண்மணி என்னிடம் கையெழுத்து வாங்கியதைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டதாகச் சொன்னார். ஆராய்ச்சியாளரும் கலைஞரும் ஒருவரையொருவர் மதிக்கும் காட்சியை அவர் எங்குமே கண்டதில்லையாம். அடுத்த வருடம் வந்த அவருடைய கனத்த புத்தகத்தில் நான் முழுப்பக்கத்துக்கு நிற்கிறேன், தெற்குக் கேரளத்து வாசல்தெய்வம் என்ற குறிப்போடு. அந்தப் புத்தகத்தின் நன்றியுரையில் நிறுவனத்தின் பேர் இருந்ததால் இயக்குநரின் கோபம் தணிந்தது. எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. வேலை போகும் என்று பயந்தபடியே எழுதிய கடிதத்தை யாரும் படிக்கக்கூட இல்லை என்று பின்னால் தெரிந்தது.

படிக்கவைத்தது நான்தான். எழுதிக்கொடுத்த சில நாளில், நோட்டீஸ் ரத்தாகவில்லை என்று கணக்கெடுப்பாளர் சொன்னதும் மறுபடி பஞ்சாயத்துக்குப் போனேன். இந்தத் தடவை நாற்காலியும் வரவில்லை, சாயாவும் வரவில்லை. அறிக்கையில் தப்பு என்று சொல்ல வருகிற வல்லுநரை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தினமும் காலை பத்தரையிலிருந்து மதியம் வரை கவுண்டரில் நின்றேன். உள்ளே போனவர் வருவார் என்றார்கள். வந்தவர் உள்ளே இருப்பவரைக் கேட்கவேண்டும் என்றார். காலைத் தூக்கி மாற்றி மாற்றி நின்றபோது, எதிரே இருந்த கிளார்க்கின் காது எவ்வளவு பெரியது, அதில் எத்தனை மயிர் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. என்னிடம் ஒரு கரித்துண்டு இருந்திருந்தால் போதும். நான்காவது நாள் ரத்துசெய்த காகிதம் கிடைத்தது.

அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கூடவே திருவனந்தபுரத்தில் வாங்கிய ஒரு பெட்டி வண்ணங்களும் தூரிகைகளும். வெளிநாட்டுச் சரக்கு. பிராயச்சித்தம் என்று நினைத்து வாங்கினேன். கொஞ்சம் ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

அக்கா காகிதத்தை வாசித்துப் பார்த்து மடித்து உள்ளே வைத்தார். சுண்ணாம்பு வாளியோடு வந்து பின்சுவரில் மூன்று இழுப்பு இழுத்தார். முதலில் வாய் போனது, பிறகு கண்ணாடி, பிறகு சாவி. முடித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்து ஒவ்வொரு டியூபாக எடுத்துப் பார்த்தார்.

"நல்ல சாயமா சாறே?"

"முதல்தரம். மழைக்கும் வெயிலுக்கும் அசையாது."

"சுண்ணாம்பு அடிச்சா மறையுமா?"

"மறையாது. மேலே தெரிஞ்சுகிட்டே இருக்கும்."

"அப்பம் எனக்கு வேண்டாம்" என்று பெட்டியை மூடித் திருப்பித் தந்தார். "ஒருத்தனையே எத்தன நாள் பாத்துக்கிட்டு இரிக்க?"

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று முகம் கழுவப் போனார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறி, நெய்யாற்றின்கரை வழியாகப் போகும் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பஸ் கூட்டமாக வந்தது. திருவனந்தபுரம் வரை உட்கார இடம் கிடைக்கவில்லை.